ஒரு வாக்கியத்துக்கு ஒரே மரமா?

ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கணிப்பொறியிடம் கொடுத்து, எழுவாய் இது, பயனிலை இது, செயப்படுபொருள் இது, இந்த அடை இந்தப் பெயரைச் சார்ந்தது என்று அதன் உறுப்புகளையெல்லாம் பகுத்துக் காட்டச் செய்யும் நிரலுக்குப் பார்ஸர் என்று பெயர். பகுத்த முடிவைக் கிளை கிளையாக வரைந்து காட்டுவது வழக்கமாதலால், பார்ஸர் தருவதை மரம் என்றே இத்துறையினர் வழங்குவர். இத்தகைய நிரலை எழுதப் புகுகிறவன் முதல் மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டு திடுக்கிடுகிறான்: தான் எந்தச் சந்தேகமும் இன்றி வாசித்துப் பொருள் கொண்ட எளிய வாக்கியங்களுக்கு அவனுடைய நிரல் ஐந்து மரங்களையும் பதினான்கு மரங்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்போது அவனுக்குக் கிடைக்கும் உபதேசம் எங்கும் ஒன்றே. மயக்கம் என்பது ஆங்கிலத்தின் ஊனம். அதை எவ்வளவு முன்னதாகத் தீர்க்கிறாயோ அவ்வளவுக்கு உன் பார்ஸர் சிறந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே மரத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டி எறிந்துவிடு என்பதே அந்த உபதேசம்.

இந்த உபதேசம் பிழையானது என்பது என் துணிபு. ஒரு வாக்கியத்துக்கு இலக்கணம் எத்தனை பகுப்புகளுக்கு இடம் தருகிறதோ அத்தனையையும் கண்டு, கெடாமல் காத்து, அடுத்து வருவதன் கையில் ஒப்படைப்பதே பார்ஸரின் கடமை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அவ்வாக்கியம் எவரால், எந்தச் சந்தர்ப்பத்தில், எந்தப் பிரயோஜனத்தை உத்தேசித்துச் சொல்லப்பட்டது என்பதை அறிந்த பிறிதொரு பகுதியின் கடமை. இவ்விரண்டு கடமைகளையும் ஒரே இடத்தில் குவித்து, ஒன்றும் அறியாத நிலையிலேயே தீர்ப்புச் சொல்லும்படி பார்ஸரை நிர்ப்பந்தித்ததனால் விளைந்த கேடுகள் பல.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதற்குரிய முழு வலிமையோடு முதலில் கூறிவிட வேண்டும். ஏனெனில் அதை நிலைநாட்டியவர்கள் சாமானியர்கள் அல்லர். 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சுசுமு குனோவும் ஆன்டனி எட்டிங்கரும் அமைத்த பகுப்பு நிரல், காலம் அம்புபோல் பறக்கிறது என்று பொருள்படும் ‘டைம் ஃப்ளைஸ் லைக் ஆன் ஆரோ’ என்னும் வாக்கியத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பகுப்புகளைக் கொடுத்தது. ‘டைம்’ என்பதைக் கால அளவு எடு என்னும் ஏவலாகவும், ‘ஃப்ளைஸ்’ என்பதை ஈக்கள் என்னும் பெயராகவும், ‘லைக்’ என்பதை விரும்புதல் என்னும் வினையாகவும் கொள்ள ஆங்கில இலக்கணம் இடம் தருகிறது. ஆகவே ஈக்களை அம்பைப்போலக் கால அளவு எடுக்கச் சொல்லும் கட்டளையாகவும், ஏதோ ஒருவகை ஈக்கள் ஓர் அம்பை விரும்புகின்றன என்னும் செய்தியாகவும் அந்த வாக்கியத்தைப் பகுக்கலாம். இலக்கணம் சொன்னதை நிரல் சொல்லிற்று. ஆனால் உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. கணிப்பொறிக்கு மொழி தெரியாது என்பதற்கு அதுவே சான்றாக நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது. 1980இல் மிட்செல் மார்க்கஸ் வெளியிட்ட நூலோ வேறொரு வழியில் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. சாதாரண வாக்கியங்களைப் பகுக்க ஒரு வழியில் சென்று, தவறெனக் கண்டு, திரும்பி வந்து வேறு வழியில் செல்லவேண்டியதில்லை, பல வழிகளில் ஒருங்கே செல்லவும் வேண்டியதில்லை, அடுத்து வரும் இரண்டொரு உறுப்புகளை எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒருமுறை கட்டியதைக் கலைக்காமல் பார்ஸர் நேரே சென்றுவிடலாம் என்று அவர் வாதித்தார். 2003ஐ ஒட்டி யமதா, மாட்சுமோட்டோ, நிவ்ரே முதலியோர் வகுத்த முறைகள், சொல்லுக்குச் சொல் ஒரே முடிவை எடுத்து முன்செல்லும் பார்ஸர்களுக்கு வியத்தகு வேகத்தை அளித்தன. கேட்பவன் மயக்கத்தை உணர்வதே இல்லை. எல்லா மரங்களையும் வைத்துக்கொண்டால் தொகை கட்டுக்கடங்காது. எது சரி என்பதை நிகழ்தகவு சொல்லிவிடும். எதிர்க்கட்சியின் சாரம் இவ்வளவே.

இனி, மயக்கம் ஊனமா என்பதை முதலில் விசாரிப்போம். சமையற்குறிப்பில் வரக்கூடிய இரண்டு ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறேன். ‘ரிமூவ் த லிட் ஃப்ரம் த பேன் வித் எ ட்ரை க்ளாத்’ என்பது ஒன்று. ‘ரிமூவ் த லிட் ஃப்ரம் த பேன் வித் த ப்ரோக்கன் ஹேண்டில்’ என்பது மற்றொன்று. முதலாவது, உலர்ந்த துணியால் பிடித்து வாணலியின் மூடியை எடுக்கச் சொல்கிறது. இரண்டாவது, பிடி உடைந்த வாணலியின் மூடியை எடுக்கச் சொல்கிறது. இரண்டிலும் சொல்வகைகளின் வரிசை இம்மியும் மாறவில்லை. நான் முதன்முதலில் எழுதிய பார்ஸரில், முன்னிடைச்சொல்லால் தொடங்கும் தொடர் தனக்கு மிக அருகில் உள்ள பெயரையே சாரும் என்று ஒரு விதி வைத்தேன். உடைந்த பிடி உரிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. உலர்ந்த துணியோ வாணலியின் உறுப்பாகிவிட்டது. விதியைத் திருப்பி, அத்தகைய தொடர் வினையையே சாரும் என்று வைத்தேன்; துணி சமைப்பவர் கைக்கு வந்தது, ஆனால் உடைந்த பிடியைக் கருவியாகக் கொண்டு மூடியைத் திறக்கும்படி ஆயிற்று. துணி கருவியாகும், பிடி கருவியாகாது என்று சொல்லுக்குச் சொல் விலக்கு எழுதினேன். பிடியைக் கொண்டும் ஒன்றைத் தூக்கலாம் என்பதால் விலக்குக்கு விலக்கு எழுதினேன். மூன்று மாத உழைப்புக்குப் பின் விதிகளின் கட்டு பெருத்ததே தவிர, புதிதாக ஒரு பக்கத்தைக் கொடுத்தால் பழைய பிழைகளே வேறு உருவில் திரும்பி வந்தன. இலக்கணத்தில் இல்லாத ஒன்றை இலக்கணத்திடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் விளங்கிற்று. வாணலியைப் பற்றியும் துணியைப் பற்றியும் அறிந்தது அடுக்களை. ஆங்கில இலக்கணம் அதை அறியாது, அறியவேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் உண்டு என்று சொல்வதே அந்த இலக்கணத்தைப் பொறுத்தவரை முழு உண்மை.

இந்த இடத்தில் தொல்காப்பியரை நினையாமல் இருக்க முடியவில்லை. ‘புலி கொல் யானை’ என்னும் தொடரைப் புலியைக் கொன்ற யானை என்றும் விரிக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் விரிக்கலாம். இத்தகையதைத் தடுமாறு தொழிற்பெயர் என்று குறித்த அவர், இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் அங்கே விலக்கத்தக்கன அல்ல என்று விதித்துவிட்டு, இன்ன வேற்றுமை என்பதைத் தொடர்ந்து வருவதைக் கொண்டு உணர்வோர் தெரிந்துகொள்வர் என்று அப்பாற் சென்றார். யானை ஓடுகிறது என்று பேச்சு தொடர்ந்தால் செத்தது புலி. யானையின் கொம்பு வந்திருக்கிறது என்று தொடர்ந்தால் செத்தது யானை. அந்தத் தொடருக்குள்ளேயே தீர்ப்பைத் தேடி ஒரு வேற்றுமையை வெட்டி எறியவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தம் நூலின் வேலை எந்த இடத்தில் முடிகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் மயங்கவைத்தலும் ஒன்று என்று நன்னூல் கூறவில்லையா என்று சிலர் கேட்கலாம். கூறுகிறது, அது நூல் செய்கிறவனுக்குச் சொன்ன எச்சரிக்கை. பிறர் எழுதிவைத்த வாக்கியத்தில் உள்ள மயக்கத்தை இல்லையென்று மறைத்துவிடும்படி இலக்கணிக்கு எந்த நூலும் உரிமை தரவில்லை.

எண்ணிக்கையைக் குறித்த அச்சத்துக்கு வருவோம். அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வினையையும் செயப்படுபொருளையும் அடுத்து முன்னிடைச்சொற்றொடர் ஒன்று வந்தால் மரங்கள் 2. இரண்டு வந்தால் 5. மூன்று வந்தால் 14. நான்கு வந்தால் 42. இது கணித நூல்களில் கட்டலான் எண்கள் என்று பேர்பெற்ற வரிசை. கென்னத் சர்ச்சும் ரமேஷ் பட்டீலும் 1982இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனை விளக்கிற்று. 1973இல் உற்பத்தியான பொருள்களின் விற்பனையை 1972இல் உற்பத்தியானவற்றோடு பட்டியலிடக் கேட்கும் ஓர் அலுவலக வாக்கியத்துக்கு, எம்.ஐ.டி.யில் இருந்த பார்ஸர் ஒன்று 455 மரங்களைக் கொடுத்ததையும் அத்துறையினர் அறிவர். ஆனால் 455 மரங்கள் உள்ளன என்பதிலிருந்து 455 மரங்களைத் தனித்தனியே எழுதிவைக்கவேண்டும் என்பது எப்படிப் பெறப்படும்? அந்த மரங்கள் ஒன்றோடொன்று பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. வேறுபடுவது ஏதோ ஒரு கிளை ஒட்டுகிற இடத்தில்தான். பொதுவான கிளையை ஒருமுறை மட்டும் எழுதி, அதை எல்லா மரங்களும் பங்கிட்டுக்கொள்ளச் செய்தால் தொல்லை தீர்ந்தது. 20 சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டும் மரங்கள் 176 கோடியே 72 லட்சத்து 63 ஆயிரத்து 190 என்பது கணக்கு. அதே 20 சொற்களில் அடுத்தடுத்த சொற்களால் ஆன பகுதிகளோ 210தான். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அறை என்று 210 அறைகள் கொண்ட அட்டவணை ஒன்றை வகுத்து, இந்தப் பகுதி இன்னின்ன வகைத் தொடராகலாம், இன்னின்ன இடத்தில் பிரியலாம் என்று ஒவ்வோர் அறையிலும் குறித்துவிட்டால், 176 கோடி மரங்களும் அந்த ஒரு தாளில் அடங்கிவிடுகின்றன. காக், யங்கர், கசாமி ஆகியோர் 1960களிலேயே இந்த அட்டவணை முறையைத் தந்தனர்; 1970இல் ஜே ஏர்லியும், 1980களின் நடுவில் மசாரு டொமிட்டாவும் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். மரம் மரமாக எண்ணினால் அடுக்கடுக்காகப் பெருகும் வேலை, அட்டவணையில் வாக்கிய நீளத்தின் மும்மடி அளவோடு நின்றுவிடுகிறது. இத்தனை வசதி கையில் இருக்க, மரங்கள் பெருகுமே என்று அஞ்சி ஒன்றைத் தவிர மற்றவற்றை எரித்துவிடுவது, நூலகத்தில் இடம் போதாதென்று நூற்பட்டியலைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

கேட்பவன் மயக்கத்தை உணர்வதில்லை என்னும் வாதம் பார்வைக்கு வலியது. ஆனால் அவன் ஏன் உணர்வதில்லை? வாக்கியம் காதில் விழுவதற்கு முன்னரே, பேசுகிறவர் யார், எந்த அறையில் இருக்கிறோம், சற்றுமுன் என்ன பேசினோம் என்பதெல்லாம் அவன் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் பார்ஸருக்குக் கொடாமல், அவனைப் போலவே உடனே தெளிந்துவிடு என்று கட்டளையிடுவது நியாயமாகாது. டெர்ரி வினோகிராடு 1968 முதல் 1970 வரை எம்.ஐ.டி.யில் அமைத்த நிரலை இதற்கு நல்ல மறுமொழியாகக் கொள்கிறேன். மேஜைமேல் வண்ணக் கட்டைகளும் கூம்புகளும் பெட்டி ஒன்றும் இருப்பதாகப் பாவித்து, அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் உரையாடிய நிரல் அது. பெட்டிக்குள் இருக்கும் கட்டையின்மேல் கூம்பை வைக்கவேண்டுமா, கட்டையின்மேல் உள்ள கூம்பைப் பெட்டிக்குள் வைக்கவேண்டுமா என்று ஐயம் எழும்படி கட்டளை வந்தால், அது மேஜையைப் பார்த்துக்கொண்டது. கட்டையின்மேல் கூம்பே இல்லையென்றால் அந்தப் பகுப்பு தானே விலகிற்று. மேஜையைப் பார்த்தும் பொருள் தெளியாதபோது, இதுவா அதுவா என்று கேட்டவரிடமே வினவிற்று. ஐயத்தைக் கையில் வைத்திருந்ததனால்தான் அதனால் வினவ முடிந்தது.

மனிதனும் தவறான வழியில் சென்று திரும்புகிறான் என்பதை, களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்ததைச் சொல்லும், தாமஸ் பெவர் 1970இல் எடுத்துக்காட்டிய ஆங்கில வாக்கியம் நிரூபித்தது; கடைசிச் சொல்லில் இடறி, வாசகன் முதலிலிருந்து மீண்டும் வாசிக்கிறான். மீண்டும் வாசிக்க அவனுக்குத் தாளில் வாக்கியம் இருக்கிறது. மற்ற மரங்களை எறிந்துவிட்ட பார்ஸரிடமிருந்து ஒரு மரத்தை மட்டும் பெற்ற அடுத்த நிரல் எதை மீண்டும் வாசிக்கும்? மார்க்கஸ் அவர்களே 1983இல் டொனால்டு ஹிண்டில், மார்கரெட் ஃப்ளெக் ஆகியோருடன் சேர்ந்து, மரத்தை முற்றும் கட்டி முடிக்காமல், இந்த உறுப்பு அந்த உறுப்பின்கீழ் எங்கோ அடங்கும் என்ற அளவில் மட்டும் சொல்லி, மிச்சத்தைப் பின்னால் நிர்ணயிக்க விட்டுவைக்கும் ஒரு கொள்கையை வெளியிட்டார் என்பதை, அவருடைய 1980ஆம் ஆண்டு நூலை மட்டும் மேற்கோள் காட்டுவோர் கவனிக்கவேண்டும்.

இன்று மிகுந்த செல்வாக்கோடு விளங்குவது நிகழ்தகவு வாதம். பெருந்தொகையான வாக்கியங்களை மனிதர் பகுத்துவைத்த தொகுப்பிலிருந்து, எந்த வினையோடு எந்தத் தொடர் எத்தனை முறை சேர்ந்து வந்தது என்று எண்ணிப் பார்த்து, மிகுதியாக வருவதே இங்கும் சரி என்று கொள்வது அம்முறை. இதனால் விளைந்த நன்மை பெரிது. நானும் அதைப் பயன்படுத்துகிறவன்தான். ஆனால் பெரும்பாலும் எது நடக்கும் என்பதைத்தான் நிகழ்தகவு சொல்லும். இந்த ஆசிரியர் இந்த இடத்தில் எதைக் கருதினார் என்பதை அது சொல்லாது. சொல்வகையைக் குறிக்கும் நிரல்கள் நூற்றுக்கு 97 சொற்களில் சரியாக இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லக் கேட்கிறோம். ஒவ்வொரு சொல்லிலும் நூற்றுக்கு மூன்று பிழை என்றால், 20 சொற்கள் கொண்ட வாக்கியம் முழுவதும் பிழையின்றி வருவது, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், நூற்றுக்கு 54 முறைதான். மிச்சமுள்ள 46 வாக்கியங்களில் எங்கோ ஒரு சொல் பெயரென்றோ வினையென்றோ தவறாக முத்திரை குத்தப்பட்டு, அந்த முத்திரையைத் திருத்தும் அதிகாரம் இல்லாத பார்ஸரிடம் வந்து சேர்கிறது. ‘தி ஓல்ட் மேன் த போட்ஸ்’ என்ற வாக்கியத்தில் ‘மேன்’ என்பது படகில் ஆளாக நின்று வேலை செய்தல் என்னும் வினை. முதியோர் படகுகளைச் செலுத்துகின்றனர் என்பது பொருள். மிகுதியாக வழங்குவதைப் பார்த்து அதைப் பெயர் என்று முதற்படியிலேயே முடிவுகட்டிவிட்டால், அந்த வாக்கியத்தில் வினையே இல்லாமற் போகிறது.

1994இல் அத்வைத் ரத்னபர்க்கி, ஜெஃப் ரேனார், சலீம் ரூகோஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் உள்ள இரண்டு எண்கள் இந்த விவாதத்துக்கு மிகவும் வேண்டியவை. முன்னிடைச்சொற்றொடர் வினையைச் சாருமா பெயரைச் சாருமா என்று தீர்மானிக்கும்படி, வாக்கியங்களைப் பகுப்பதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்களிடம், வினை, பெயர், முன்னிடைச்சொல், அதன் பெயர் ஆகிய நான்கு சொற்களை மட்டும் காட்டியபோது, தொகுப்போடு அவர்கள் ஒத்துப்போனது நூற்றுக்கு 88.2, முழு வாக்கியத்தையும் காட்டியபோது 93.2. வாக்கியத்தின் எஞ்சிய பகுதியைப் பார்த்ததனால் அறிவு கூடிற்று என்பதை இந்த ஐந்து புள்ளி உயர்வு காட்டுகிறது. முழு வாக்கியத்தையும் பார்த்த பின்னரும் நூற்றுக்கு ஏழு இடங்களில் நிபுணர்களும் தொகுப்பும் முரண்பட்டது அதைவிட முக்கியமானது. அந்த ஏழிலும் ஒரு மரமே உண்மை, மற்றது பொய் என்று எவர் சத்தியம் செய்வார்?

தொகுப்பைக் கட்டியவர்களே அவ்வாறு சத்தியம் செய்யவில்லை. மார்க்கஸின் தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993இல் அறிவிக்கப்பட்ட பென் ட்ரீபேங்க் என்னும் மரத்தொகுப்பில், பகுப்போருக்கான விதிகளில் ஒரு குறி உண்டு. இந்தத் தொடர் இங்கும் ஒட்டலாம், அங்கும் ஒட்டலாம். சந்தர்ப்பத்தைப் பார்த்தும் தீர்க்க முடியாது. இது நிலையான மயக்கம் என்று தெரிவிப்பதற்கென்றே ‘பி.பி.ஏ.’ என்னும் மூன்றெழுத்தை நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இட அவர்கள் அனுமதித்திருந்தனர். அது அருகியே இடப்பட்டது என்பது உண்மை. ஆனால் இட்டதற்கும் என்ன கதி நேர்ந்தது? அந்தத் தொகுப்பிலிருந்து பார்ஸரைப் பயிற்றுவிப்போர், மரத்தில் ஓசையற்று நிற்கும் இத்தகைய குறிகளையெல்லாம் முதலில் நீக்கிவிட்டே பயிற்சியைத் தொடங்குவது வழக்கமாயிற்று. தெரியவில்லை என்று மனிதன் நேர்மையாக எழுதிவைத்ததைச் சுரண்டிவிட்டு, எல்லாம் தெரிந்ததுபோன்ற மரத்தைப் பார்ஸருக்குக் கற்பித்தார்கள். பிறகு, பார்ஸர்கள் மயக்கத்தை உணர்வதில்லை என்று குறைகூறுவதில் என்ன பயன்?

மரங்களை எறியாமல் வைத்திருந்தால் கைமேல் கிடைக்கும் லாபத்தைப் பிரௌன் பல்கலைக்கழகத்தின் யூஜின் சார்னியாக், மார்க் ஜான்சன் இருவரும் 2005இல் காட்டினர். அதே மரத்தொகுப்பில் அளந்தபோது, பார்ஸர் முதலாவதாகத் தேர்ந்த மரத்தை மட்டும் கொண்டால் மதிப்பு 89.7. முதல் 50 மரங்களை வைத்துக்கொண்டு, வேறு பல அடையாளங்களைப் பார்க்கும் இன்னொரு நிரலிடம் தேர்வை விட்டபோது 91.0. அந்த ஐம்பதில் உள்ளவற்றுள் சிறந்ததைப் பிழையின்றித் தேர்ந்துகொடுக்க எவரேனும் இருந்திருந்தால் கிட்டியிருக்கக்கூடியது 96.8. நல்ல மரம் பார்ஸரின் கையில்தான் இருந்தது. அவசரப்பட்டால் அது போய்விடுகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படும் காரணம், பிரயோஜனத்தைப் பற்றியது. ‘ஷி ஃபோட்டோகிராஃப்ட் த சில்ட்ரன் இன் த கார்டன்’ என்று ஓர் ஆங்கில வாக்கியம். தோட்டத்தில் இருந்த குழந்தைகளை அவள் படமெடுத்தாள் என்பதா? குழந்தைகளைத் தோட்டத்தில் வைத்துப் படமெடுத்தாள் என்பதா? இதைப் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழவேண்டியதில்லை; ஆங்கிலத்தின் முன்னிடைச்சொல் இருந்த இடத்தில் பிரெஞ்சு முன்னிடைச்சொல்லை வைத்துவிட்டால், ஆங்கிலத்தில் இருந்த மயக்கம் அப்படியே பிரெஞ்சுக்குப் போய்விடும். வாசகன் தன் சந்தர்ப்பத்தைக் கொண்டு தெளிவான். தமிழுக்குப் பெயர்ப்பவருக்கோ அந்த வசதி இல்லை. பெயருக்கு அடையாக்கவேண்டுமென்றால் ‘இருந்த’ என்றோ ‘உள்ள’ என்றோ ஒரு பெயரெச்சத்தை நாம் இட்டே ஆகவேண்டும். வினைக்கு அடையாக்கினால் அது கூடாது. தமிழ் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதே வாக்கியத்தை, தோட்டத்தைப் பற்றிய செய்திகளைத் தேடித்தரும் நிரலிடம் கொடுத்தால், இரண்டில் எதுவாயினும் அதற்கு ஒன்றே. ஒரே வாக்கியத்தின் ஒரே மயக்கம், ஒருவருக்குத் தீர்த்தே ஆகவேண்டியது. இன்னொருவருக்குத் தீர்க்காமல் கடத்தவேண்டியது. மூன்றாமவருக்குப் பொருட்டே அல்லாதது. மூவரில் எவருக்காக வேலை செய்கிறோம் என்று அறியாத பார்ஸர் எப்படி எல்லோருக்குமாக முன்கூட்டியே முடிவெடுக்கும்? பிரெஞ்சுக்காரருக்கு அது வேண்டாத அபாயத்தை விளைவிக்கிறது. தமிழருக்கோ, தோட்டத்தைப் பற்றி முன்பத்தியில் சொல்லியிருந்ததை அறிந்த பகுதி விசாரிக்க வேண்டியதை, அதை அறியாத பகுதி விசாரணையின்றித் தீர்த்துவைக்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இயந்திரப் பெயர்ப்பில் வரும் பக்கங்களைத் தினமும் திருத்துகிறவர்கள், வாணலிக்குத் துணி உடுத்திய வாக்கியங்களை எத்தனை கண்டிருப்பார்கள்!

வேகம் வேண்டிய இடமும் உண்டு என்பதை ஒப்புகிறேன். கோடிக்கணக்கான வாக்கியங்களை ஓர் இரவில் புரட்டிப் பார்த்து, இந்தச் சொல்லோடு அந்தச் சொல் வருகிறதா என்று மட்டும் எண்ண விரும்புகிறவருக்கு ஒரு மரம் போதும். ஓரளவு பிழையும் அவருக்குக் கேடு செய்யாது. இறுதியில் யாரேனும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. தீர்மானம் நிகழும் இடம் எது என்பதே வழக்கு.

அந்த இடம் எவ்வளவு பின்னால் இருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால்பண்ணையின் வண்டியோட்டிகள், வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு மிகைநேர ஊதியம் கேட்டார்கள். கெட்டுப்போகக்கூடிய உணவுப்பொருள்களைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று நீளும் ஒரு வரிசையில் சொல்லப்பட்ட வேலைகளுக்கு அந்த ஊதியம் இல்லை என்று சட்டம் விலக்கியிருந்தது. வரிசையின் இறுதியில், அனுப்புவதற்குப் பொதியிடுதலையும் விநியோகத்தையும் குறிக்கும் சொற்கள், நடுவே காற்புள்ளி இன்றி, ‘ஆர்’ என்னும் ஒரே இணைப்புச்சொல்லால் கட்டப்பட்டிருந்தன. அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதியிடுதல் என்று ஒரே வேலையாகப் படித்தால், பொதியிடாமல் விநியோகம் மட்டும் செய்யும் வண்டியோட்டிகளுக்கு ஊதியம் உண்டு. பொதியிடுதல் ஒன்று, விநியோகம் ஒன்று என்று இரண்டு வேலைகளாகப் படித்தால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஏனைய வேலைகளெல்லாம் ‘இங்’ ஈற்றுத் தொழிற்பெயர்களாக இருக்க, விநியோகத்தைக் குறிக்கும் சொல் மட்டும் அவ்வாறில்லையே என்று ஒரு தரப்பு வாதித்தது. அது வரிசையின் கடைசி உறுப்பு இல்லையென்றால், பொதியிடுதலுக்கு முன் வரவேண்டிய இணைப்புச்சொல் எங்கே என்று மறுதரப்பு கேட்டது. கீழ்நீதிமன்றம் ஒரு மரத்தைக் கண்டு பண்ணைக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2017 மார்ச்சில் பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமோ, இரண்டு மரங்களும் நிற்கின்றன, இலக்கணத்தைக் கொண்டு ஒன்றை வீழ்த்த முடியாது என்று கண்டது. கூலியைப் பற்றிய சட்டத்தில் மயக்கம் இருக்குமாயின் தொழிலாளிக்கு அனுகூலமாகவே கொள்ளவேண்டும் என்னும் மாநில நெறியின்படி வண்டியோட்டிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. மெய்ன் சட்டமன்றமும் அந்த வரிசையை அரைப்புள்ளிகள் இட்டுத் திருத்தி எழுதிற்று. இரண்டு மரங்கள் உண்டு என்பதே அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான உண்மை. ஒரே மரத்தைத் தரும் பார்ஸர், அது எந்த மரமாக இருந்தாலும், அந்த உண்மையை நீதிபதியின் கண்ணுக்கு மறைத்திருக்கும்.

பார்ஸர் எழுதப் புகும் இளைஞர்கள், முதல் விதியை எழுதுவதற்கு முன் அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுவதும் வாசிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அது 29 பக்கங்கள் கொண்டது.